பேக்-12 கலைக்கப்பட்டுவிட்டதா?

"பேக்-12 கான்ஃபரன்ஸ் கலைக்கப்பட்டுவிட்டது, பழைய எதிரிகளின் ஆட்டங்களும் அத்தோடு ஒழிந்தன" என்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. பேக்-12 கலைந்துவிட்டது என்ற செய்தி தவறு.

2024-இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறியது உண்மைதான். யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்கும், மற்றவை பிக் 12, ஏசிசி என்ற வேறு இரண்டு கான்ஃபரன்ஸ்களுக்கும் போயின. ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும் மட்டுமே மிஞ்சின. ஆனால் அவை சும்மா இருக்கவில்லை. வெளியேறுபவர்களுக்கு நிர்வாகத்தில் வாக்குரிமை கூடாது என்று 2023-இல் வழக்காடி வென்றன. கான்ஃபரன்ஸின் பெயரும் கட்டுப்பாடும் அவர்கள் கையிலேயே நின்றன. உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைந்தபட்சமான எட்டுக்கு மீண்டும் கொண்டுவர, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. இந்த விதியைத்தான் வதந்தி பரப்புகிறவர்கள் கவனிப்பதே இல்லை. அந்த அவகாசத்துக்குள் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் ஆகியவை 2026 முதல் சேர ஒப்புக்கொண்டன. ஃபுட்பாலுக்கு எட்டு அணிகள் தேறிவிட்டன.

பழைய எதிரிகளான வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கோப்பை ஆட்டமும் நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில் வாஷிங்டனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கெஜம். கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் பந்தோடு பக்கவாட்டில் ஓடியவரை வாஷிங்டன் ஸ்டேட் தடுப்பாட்டக்காரர்கள் கோல் கோட்டைத் தொடவிடாமல் மடக்கினார்கள். 24-19. கைவிடப்பட்ட அணிதான் வென்றது! இந்தத் தொடருக்கு 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது.