ஏர் பட்டால் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

முத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது உழாமல் விட்ட மேய்ச்சல் நிலம், இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேலா மரம். ஏர் பட்டு நாற்பது வருஷம் இருக்கும். போன மாதம் படலைத் திறந்துகொண்டு ஒரு தம்பி வந்தார். கார்பன் கிரெடிட், அதாவது காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கரியமில வாயுவுக்கான காசு, வாங்கித் தருகிற கம்பெனியாம். கையில் டேப், போனில் ஓர் ஆப்.

தரையிலிருந்து 1.37 மீட்டரில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுத்தார். நம் ஊர் வனக்கணக்கில் அதுதான் மார்பளவு. கிழக்கு மூலையில் ஒரு மரம் முழங்கால் உயரத்திலேயே மூன்று கவையாகப் பிரிந்து நிற்கும். மார்பளவுக்குக் கீழே பிரிந்தால் ஒவ்வொரு கவையையும் தனி மரமாக எழுத வேண்டும். அவர் தடித்ததை மட்டும் அளந்துவிட்டு நகர்ந்தார். சரி, மூணு முள் குத்திய கைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மரக்கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சுற்றளவையும் உயரத்தையும் வைத்து மரத்தின் காய்ந்த எடையை மதிப்பிடுவார்கள். அதில் ஏறக்குறைய பாதி கரிமம். கரிமத்தின் எடை 12 என்றால் கரியமில வாயுவின் எடை 44, அதனால் 3.67-ஆல் பெருக்கினால் காற்றிலிருந்து இழுத்த வாயுவின் அளவு வந்துவிடும்.

முடித்துவிட்டுத் தம்பி சொன்னார்: “மரம் கம்மிங்ணா. இந்தப் புல்லை ஓட்டிட்டு மலைவேம்பு வெச்சீங்கன்னா கணக்கு நல்லா ஏறும்.”

“மண்ணுல இருக்கறதுக்கு என்னங் கணக்கு?”

“மண்ணுக்கு ஆப்புல இடமில்லைங்ணா.”

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கை நாட்டின் காடுகளில் இருக்கும் கரிமம் சுமார் 728 கோடி டன் என்கிறது. அதில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் கிடக்கிறது. அடர்ந்த மலைக்காட்டையும் சேர்த்துப் போட்ட கணக்கிலேயே இப்படி. ஏக்கருக்கு எட்டு மரம் நிற்கும் கொறங்காட்டில் சொத்தே தரைக்குக் கீழேதான். புல்லின் வேர் செத்துச் செத்து மண்ணாகிறது, ஆட்டுப் புழுக்கை மேலே விழுகிறது, யாரும் கிளறுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 30 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்தால் சுமார் 1,700 டன் வரும். அங்ககக் கரிமம் (வேரும் புழுக்கையும் மக்கிச் சேர்ந்த கரிமம்) வெறும் 0.5 சதவீதம் என்றாலும் எட்டரை டன் கரிமம். வாயுவாகச் சொன்னால் 31 டன். உழுது போட்டு அது 0.4-க்கு இறங்கினால், ஏக்கருக்கு 6 டன் வாயு மேலே போய்விடும். மலைவேம்பு வளர்ந்தது வரவில் ஏறும். இந்த 6 டன் எந்தச் செலவுப் பக்கத்தில் எழுதப்படும்? அந்தப் பக்கமே அவர்கள் நோட்டில் இல்லை!

மண்ணை அளப்பது சுலபம் என்று சொல்ல வரவில்லை. மண்வள அட்டைக்கு மேல் 15 செ.மீ. மண்தான் எடுக்கிறார்கள், உலகக் கணக்குக்கு வழக்கமாக 30 வேண்டும். சதவீதம் மட்டும் தெரிந்தால் போதாது, அந்த மண்ணின் அடர்த்தியும் வேண்டும். நம் காடோ சரளைக்காடு. சரளையைக் கழிக்காமல் எல்லாவற்றையும் மண்ணென்று எடை போட்டால் இல்லாத கரிமம் முளைத்துவிடும். அப்புறம் சுக்காங்கல் இருக்கிறதே, அதிலும் கரிமம் உண்டு, ஆனால் அது புல் சேர்த்தது இல்லை, சுண்ணாம்பு. மண்ணை எரித்துக் கரிமத்தைப் பார்க்கும் சோதனையில் முதலில் அமிலம் ஊற்றி அதை நீக்காவிட்டால் கல்லெல்லாம் வரவாகிவிடும். ஒரே வயலில் பத்தடி தள்ளி எடுத்தால் 0.1 வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். அதாவது மேலே சொன்ன அதே 6 டன். ஆகவே நிறையக் குழி வெட்ட வேண்டும், காசு ஆகும். அதைத் தவிர்க்கத்தான் டேப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பு, 10 சதவீதம் மர நிழல் இருந்தால், யார் நிலமாக இருந்தாலும் என்ன மரமாக இருந்தாலும் செயற்கைக்கோள் கணக்கில் அது வனப்பரப்பு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் வனம்தான். நிழல் 10-க்குக் கீழே போன கொறங்காடு அந்தப் பரப்பில் வராது. தனி மரங்களை வேறொரு கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். புல்லுக்கும் வேருக்கும் அங்கேயும் இடமில்லை.

கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. அவருக்குக் கொடுத்த வேலையைத்தான் செய்தார். ஆனால் இந்தக் கணக்கு ஏற்றம் வந்தால்தான் காசு தருகிறது. இருப்பதைக் காத்தவனுக்கு ஒன்றுமில்லை. எங்கள் அப்பாரு ஏரை நிறுத்தி வைத்ததற்கு பைசா கிடையாது. நான் நாளைக்கு டிராக்டரை விட்டுக் கெடுத்துவிட்டு மரம் நட்டால் கிடைக்கும்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இதே மாதிரி ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்: எத்தனை குழி, எவ்வளவு ஆழம், சரளையைக் கழித்தீர்களா, உழுததால் போனதை யார் கணக்கில் எழுதுவீர்கள்.

நானும் அந்தத் தம்பியிடம் மண்வெட்டியை நீட்டி, “ஒரு குழி வெட்டிப் பாத்துரலாம் வாங்க” என்றேன். சிரித்தார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார். இன்னும் போன் வரவில்லை. நேற்றைக்கு ஒரு மழை பிடித்திருக்கிறது, கொழுக்கட்டைப்புல் துளிர் விட்டிருக்கிறது. அடுத்த வாரம் படலைத் திறந்து மாட்டை விட வேண்டும்.