நாலு ஸ்வரமும் நாற்பது தடவையும்

அக்கா மகள் வயலின் வாசிப்பாள். பதினான்கு வயது. போன வாரம் வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்தபோது வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். முடிந்ததும் அவளுடைய பெரியப்பா, "இதெல்லாம் சொல்லிக் குடுத்து வர்றதில்ல. ரத்தத்துலயே இருக்கணும்" என்றார். பாராட்டுத்தான். ஆனால் அவள் முகம் சுருங்கிவிட்டது. "நேத்து சாயங்காலம் நாலு ஸ்வரத்த மட்டும் நாப்பது தடவ வாசிச்சேனே, அதுவும் ரத்தத்துல இருந்துதான் வந்துச்சா பெரியப்பா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் விடவில்லை. கிளம்பும்வரை இதே வாதம்தான்.

நான் அவள் பக்கம் நின்று சத்தமாகவே பேசினேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், பேசியதில் பாதி எனக்கே முழு நம்பிக்கை இல்லாத பேச்சு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், என் கட்சியின் பலம். அந்த நாலு ஸ்வரப் பயிற்சியை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஸ்வரத்தில் வில் திரும்பும்போது ஒரு சின்னக் கீறல் விழுந்தது. வெளியாள் யாருக்கும் கேட்டிருக்காது. நிறுத்தினாள். பாதி வேகத்தில் வாசித்தாள். அப்புறம் அதிலும் பாதி. பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டு இடது கை விரல்களை மட்டும் தந்தியில் ஊன்றிப் பார்த்தாள். மறுபடி வில். இரண்டாவது, மூன்றாவது ஸ்வரங்களை மட்டும் சேர்த்து. பிறகு நாலையும். இருபது நிமிடம் போயிற்று. பாட்டை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. கேட்பவருக்கு இதைவிடச் சலிப்பான விஷயம் கிடையாது.

நானும் ஒரு காலத்தில் கீபோர்டு கற்றுக்கொள்ளப் போனேன். ஒவ்வொரு தடவையும் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பேன், தடுக்கும் இடத்தில் தடுக்கும், மறுபடி முதலிலிருந்து. ஆறு மாதம் கழித்து முதல் வரி அபாரமாக வந்தது. தடுக்கிய இடம் அப்படியே இருந்தது.

1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவரோடு இருவரும் பெர்லின் இசைக் கல்லூரி ஒன்றின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிகச் சிறந்தவர்கள், நல்லவர்கள், இசை ஆசிரியராகப் படிப்பவர்கள் என்று மூன்று குழு. பதினெட்டு வயதுவரை தனியாக எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டுக் கணக்கிட்டால் சிறந்தவர்களுக்குச் சராசரியாக 7,400 மணி நேரம், அடுத்தவர்களுக்கு 5,300, மூன்றாம் குழுவுக்கு 3,400. இருபது வயதில் சிறந்தவர்களின் சராசரி பத்தாயிரத்தைத் தொட்டது. அங்கிருந்து கிளம்பியதுதான் பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதை ஆகலாம் என்ற பிரபலமான வாய்ப்பாடு. எரிக்சனுக்கே அது பிடிக்கவில்லை. அது சராசரிதான், அந்தக் குழுவிலேயே பாதிப் பேர் அப்போது அந்த எண்ணை எட்டியிருக்கவில்லை என்று சொன்னார். மணிக்கணக்கைவிட, ஆசிரியர் சுட்டிய குறையைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சிதான் முக்கியம் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ரவுண்டாக இருந்தால் எண்ணுக்குத் தனி மவுசு.

அதே எரிக்சன் அதற்கு முன்பே பார்த்த இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் பிடிக்கும். நினைவாற்றல் என்றால் பிறவியிலேயே வருவது என்றுதானே சொல்வோம்? ஒரு சாதாரணக் கல்லூரி மாணவர். எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினால் நம்மைப் போல ஏழு எண்களைத் திருப்பிச் சொல்வார். சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு ஏறக்குறைய 80 எண்களைச் சொன்னார். அவர் ஓட்டக்காரர். வரும் எண்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி மனதில் அடுக்கிக்கொண்டார். சரி, எழுத்துகளைக் கொடுத்தால்? பழையபடி ஆறு. அவருடைய நினைவாற்றல் பெரிதாகவில்லை, எண்களுக்கு மட்டும் ஒரு அலமாரி செய்துகொண்டிருக்கிறார்.

இனி என் சொந்தக் கதை. பதினெட்டு வருடமாகத் தமிழில் தட்டச்சு செய்துதான் பிழைப்பு. தினம் மூன்று மணி நேரம் என்று குறைவாகப் போட்டாலும் மொத்தம் பதினாறாயிரம் மணி நேரம் வரும். அந்த வாய்ப்பாட்டின்படி நான் எப்போதோ மேதை ஆகியிருக்க வேண்டும். உண்மையில் இரண்டு ஆள்காட்டி விரலும் குனிந்த தலையும்தான். இரண்டாம் வருடம் எட்டிய வேகம் பதினெட்டாம் வருடமும் அப்படியே இருந்தது. இத்தனை மணி நேரமும் நான் செய்தது வேலை. பயிற்சி என்று அரை மணி நேரம்கூடச் செய்ததில்லை.

மணிக்கட்டு வலி வந்த பிறகுதான் தமிழ்99 விசைப்பலகையைப் பத்து விரலிலும் முறையாகப் படிக்கலாம் என்று இறங்கினேன். இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலான மெய். அழகான ஏற்பாடு, ஆனால் பாரமெல்லாம் வலது சுண்டு விரலுக்கு. ண அடிக்க மேலே போக வேண்டும், ழ அடிக்கக் கீழே வளைய வேண்டும். முதல் வாரம் 'மழை' என்று ஒரு சொல் அடிக்க நான் பட்ட பாட்டைப் பார்த்தால் மழையே வேண்டாம் என்றிருக்கும். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, பழம், வாழை, கிழமை, எழுத்து என்று அந்த ஒரு விரலுக்காக மட்டுமே சொற்களை எடுத்துத் தினம் அரை மணி நேரம். வேகம் தரைமட்டத்துக்குப் போய் நாற்பது நாளில் பழைய நிலைக்கு வந்தது. மூன்றாம் மாதம் தாண்டிவிட்டது. பதினாறாயிரம் மணி நேரத்தில் வராதது, ஐம்பது மணி நேரத்துக்குள் வந்தது.

இங்கே முடித்திருந்தால் பெரியப்பாவை நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்னோடு அதே வாரம், அதே பாடத்தை, அதே அரை மணி நேரக் கணக்கில் ஆரம்பித்த ஒரு தோழி இருந்தார். நான் நாற்பதாம் நாள் வந்த இடத்துக்கு அவர் பன்னிரண்டாம் நாள் வந்துவிட்டார். எப்படி என்று கேட்டால், "தெரியலயே, என்னமோ வந்துருச்சு" என்கிறார். அந்த 'என்னமோ'தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த 'என்னமோ'வை விளையாட்டில்தான் பளிச்சென்று பார்க்க முடிகிறது. 2007இல் ஒசாகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டி, உயரம் தாண்டுதல். ஒரு பக்கம் ஸ்வீடனின் ஸ்டெஃபான் ஹோம். உயரம் 1.81 மீட்டர்தான், அந்த விளையாட்டுக்குக் குட்டை. சிறுவயதிலிருந்து வேறு சிந்தனையே இல்லாமல் தாண்டித் தாண்டி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அடுத்த வருடம் உள்ளரங்கில் 2.40 மீட்டரைத் தாண்டியவர். இன்னொரு பக்கம் பஹாமாஸின் டொனால்ட் தாமஸ். கல்லூரியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 2006இல் நண்பர்களோடு வந்த ஒரு வாய்ச்சவடாலில் 'எங்கே, தாண்டிக் காட்டு' என்று சவால் விட்டார்கள், போய்த் தாண்டினார். அதிலிருந்து ஒன்றரை வருடத்தில் ஒசாகா. தாமஸ் 2.35 தாண்டித் தங்கம் வாங்கினார். ஹோம் 2.33 தாண்டி நான்காம் இடம்.

தாமஸின் குதிகால் தசைநார் அசாதாரண நீளம் என்று பிறகு சொன்னார்கள். அதை யாரும் பயிற்சி செய்து வாங்க முடியாது. இதற்கு மேல் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் 2.35 தாண்டியவர் அதன் பிறகு முழுநேர வீரராக, முறையான பயிற்சியோடு இருந்து, 2016இல் தாண்டிய அதிகபட்ச உயரம் 2.37. ஒன்பது வருட உழைப்புக்கு இரண்டு சென்டிமீட்டர். ஹோமின் கதையைச் சொல்லி ஊக்கப்படுத்துகிறவர்கள் தாமஸின் கதையைச் சொல்வதில்லை. தாமஸைச் சொல்கிறவர்களும் அந்த இரண்டு சென்டிமீட்டரைச் சொல்வதில்லை.

என் எண்ணத்தை உண்மையில் திருப்பியது புகழ்பெற்றவர்கள் யாருமே இல்லாத ஓர் ஆய்வு. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 481 பேர், சுமார் நூறு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி, அவரவர் உடல் நிலைக்கு ஏற்ற அளவில், இருபது வாரம் மிதிவண்டிப் பயிற்சி. முடிவை 1999இல் வெளியிட்டார்கள். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியிருந்தது. ஆனால் சராசரியை விட்டுவிட்டு ஆளாளாகப் பார்த்தால், சிலருக்கு ஏற்றமே இல்லை. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல். யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரையும் கண்காணித்துத்தான் மிதிக்க வைத்தார்கள். யாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதில் ஏறக்குறைய பாதி குடும்பவாரியாக அமைந்திருந்தது.

ஆக, பெரியப்பா சொன்ன ரத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் நினைக்கும் இடத்தில் இல்லை. பிறவியில் வருவது வயலின் வாசிப்பு இல்லை. வாசித்தால் எவ்வளவு ஒட்டும் என்பது. ஒரு படி உழைப்புக்கு ஒருவருக்கு ஒரு பிடி, இன்னொருவருக்கு ஒரு மூட்டை. சதுரங்கத்திலும் இதேதான். அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, மாஸ்டர் நிலைக்கு வர ஒருவருக்கு மூவாயிரம் மணி நேரம் போதுமானதாக இருந்தது; இன்னொருவருக்கு இருபத்து மூவாயிரத்துக்கு மேல் ஆனது. பெர்லின் ஆய்வை 2019இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோதும், மூன்றாம் குழுவுக்கு மணி நேரம் குறைவாகவே இருந்தது, ஆனால் சிறந்தவர்களுக்கும் நல்லவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு குறிப்பிட்ட உயரம்வரை உழைப்பு தூக்கிக்கொண்டு போகிறது. அதற்கு மேல் என்ன பிரிக்கிறது என்பதை மணிக்கணக்கு சொல்வதில்லை.

பயிற்சிக் கட்சிக்காரர்கள் உடனே போல்கார் சகோதரிகளைக் கொண்டுவருவார்கள். மேதைகளை உருவாக்க முடியும் என்று நம்பிய ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார், மூன்று பெண்களுக்கும் வீட்டிலேயே பாடம், வீட்டிலேயே சதுரங்கம் என்று வளர்த்தார். மூத்தவர் சூசன் பெண்கள் உலக சாம்பியன். கடைக்குட்டி யூடித் 1991இல், பதினைந்தாம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகி, மிக இளம் வயதில் அந்தப் பட்டம் பெற்றவர் என்ற பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்தார், பின்னாளில் ஆண்களும் சேர்ந்த தரவரிசையிலேயே எட்டாம் இடம். அசைக்க முடியாத சான்றுதான். ஆனால் நடுவில் சோஃபியா இருக்கிறார். அவரும் பெரிய ஆட்டக்காரர், கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே, சர்வதேச மாஸ்டர். ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே பலகை; மூன்று பேருக்கு மூன்று உயரம்.

எதிர்க்கட்சி ராமானுஜனைக் கொண்டுவரும். கொண்டுவரட்டும். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்துக்கொண்டே இருந்த மனிதர். சுமார் 3,900 முடிவுகள் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. நோட்டுக்கு வராமல் முழங்கையோடு போனவை எத்தனை? அந்தச் சிலேட்டை எனக்குக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்பது உண்மை. அவரிடமிருந்து அதைப் பிடுங்கியிருந்தால் அவராலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதும் அதே அளவு உண்மை.

சித்திரமும் கைப்பழக்கம் என்று எல்லோரும் சொல்வோம். அந்தப் பழைய பாட்டின் கடைசி அடி கொடையைப் பிறவிக் குணம் என்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவரவருக்கு வேண்டிய பாதி.

எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஒட்டுமா ஒட்டாதா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் தீர்ப்பை நாம் முதல் நாளே எழுதிவிடுகிறோம். எனக்கு ஒன்பது வயதில் பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது, ஒரு ஆசிரியர் இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டார். "இவனுக்குக் காது இல்ல" என்று அடுத்த பையனைக் கூப்பிட்டார். மொத்தம் அரை நிமிடம். ஸ்ருதி வித்தியாசமே பிடிபடாத மிகச் சிலர் இருக்கிறார்கள், அது உண்மையான ஒரு குறைபாடு. நான் அந்த வகையில்லை என்பது கீபோர்டு வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது கட்டை தப்பாக விழுந்தால் எனக்கு உடனே கேட்கிறது. அதற்குள் முப்பது வயது.

கனடாவில் ஐஸ் ஹாக்கியில் 1980களிலேயே கவனித்தார்கள்: இளையோர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். காரணம் ஜாதகம் இல்லை. வயது வகுக்கும் தேதி ஜனவரி 1. அதே வருடம் டிசம்பரில் பிறந்த பையனைவிட ஜனவரிப் பையன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன், அந்த வயதில் அது ஒரு தலை உயரம். தேர்வாளர் கண்ணுக்கு அது திறமையாகத் தெரிகிறது. தேர்ந்தெடுத்த பிறகு நல்ல பயிற்சியாளர், கூடுதல் ஆட்டங்கள். சில வருடம் போனால் அது நிஜமாகவே திறமை ஆகிவிடுகிறது. இதில் பிறவி எவ்வளவு, பயிற்சி எவ்வளவு? அந்த டிசம்பர்ப் பையனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வான்.

இதையெல்லாம் எழுதி முடிக்கும் முன் அக்கா மகளிடம் ஒரு தடவை பேசிவிடலாம் என்று கூப்பிட்டேன். நேராகவே கேட்டேன்: பயிற்சி செய்யாமலே உனக்கு வந்த ஏதாவது உண்டா? கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "வில் பிடிக்கிறது, மாமா. என் கூடச் சேர்ந்தவங்க எல்லாரும் மூணு மாசம் கஷ்டப்பட்டாங்க. எனக்கு மொத நாளே கை அப்படியே போய் உக்காந்துருச்சு. ஏன்னு தெரியல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இத பெரியப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.