சுப்புவை யாரும் கவனிக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ‘ஆரண்ய காண்டம்’ படத்தை மறுபடி பார்த்தோம். எனக்கு ஐந்தாவது தடவை, வீட்டம்மாவுக்கு முதல் தடவை. (இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன்.) தாதா சிங்கப்பெருமாளின் எடுபிடி சப்பையும், அவர் வீட்டில் அடைத்து வைத்திருக்கும் சுப்புவும் ஓடிப்போகத் திட்டம் போடும் இடத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: “இந்தப் பொண்ணு இவனைக் கூட்டிட்டுப் போக மாட்டா, பாருங்க.” நான் வாயே திறக்கவில்லை. 2011ல் தியேட்டரில் கடைசிவரை எனக்கு அது உறைக்கவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

இந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் சிங்கப்பெருமாளின் அடியாள் பசுபதியில்தான் போய் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். 2 கோடி ரூபாய் கொக்கைன், அதை வேண்டாம் என்கிற கிழட்டு தாதா, “டொக்காயிட்டீங்களா” (தளர்ந்துபோயிட்டீங்களா) என்று கேட்டுவிடுகிற பசுபதி. அந்த ஒரு வார்த்தைக்காக அன்று முழுக்க வடசென்னையில் ரத்தம் ஓடுகிறது. ஆனால் அது ஏன் சிங்கப்பெருமாளை அப்படிக் குத்துகிறது? முதல் காட்சியிலேயே அவர் படுக்கையில் சுப்புவிடம் தோற்றுப்போய், அந்த ஆத்திரத்தை அவள்மேல் காட்டியவர். பசுபதிக்கு இது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சுப்பு.

அப்புறம் வண்டிக்குள் அடியாட்கள் பேசும் அந்தப் பேச்சு. ரஜினி பிடிக்குமா, கமல் பிடிக்குமா என்று கேட்டே ஆன்ட்டிகளை மடக்குவது எப்படி என்று ஒருத்தன் பாடம் எடுப்பானே, தியேட்டரில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம். பொம்பளைகளைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி அங்கே ஆம்பளைகள் அளந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் ஒருத்தி சத்தமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பழைய அமெரிக்க நுவார் படங்களில் (இருட்டும் குற்றமுமாக இருக்கும் படங்கள்) ஆபத்தான பெண் நுழையும்போதே வெளிச்சமும் சிகரெட் புகையும் நமக்கு எச்சரிக்கை கொடுத்துவிடும். இந்தப் படத்தின் இயக்குநர் தியாகராஜன் குமாரராஜா அதைச் செய்யவில்லை. அடி வாங்குகிறவளை, அழுகிறவளைக் காட்டினார். பாவம், யாராவது காப்பாற்றக் கூடாதா என்று நாமே நினைத்துக்கொண்டோம். சப்பையும் அதைத்தான் நினைத்தான். அவனுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது.

(சேவல் சண்டைக்காரன் காளையனையும் அவன் மகன் கொடுக்காப்புளியையும் விட்டுவிட்டுப் பேசுவது பாவம்தான். கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து வந்து காளையனாக நடித்த குரு சோமசுந்தரத்துக்கு இது முதல் படம் என்றால் நம்ப முடிகிறதா? அந்தச் சேவல் சண்டைக்குத் தனிப் பதிவே போட வேண்டும்.)

படம் வெளியே வந்த கதையும் லேசுப்பட்டதில்லை. 2010லேயே நியூயார்க் தெற்காசியத் திரைப்பட விழாவில் விருது வாங்கியாயிற்று. இங்கே தணிக்கையில் 52 வெட்டு கேட்டார்கள். தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை போய்ச் சண்டை போட்டார்கள். அந்தத் தீர்ப்பாயத்தையே 2021ல் கலைத்துவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். 2011 மே மாதம் சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த படத்தொகுப்பு என்று இரண்டு தேசிய விருது. ஜூன் 10 ரிலீஸ். நான் போன காட்சியில் இருபது பேர் இருந்திருந்தால் அதிகம். பின் வரிசையில் ஒருத்தர், “யுவன் மியூசிக்னு போட்டான், பாட்டையே காணோமே” என்று புலம்பிவிட்டு இடைவேளையில் எழுந்து போனார்.

எனக்கு ஒரே ஒரு குறை. கடைசியில் சுப்பு பணத்தோடு நடக்கும்போது அவள் குரல் எல்லாவற்றையும் விளக்குகிறது. நடந்து போவதே போதாதா, கண்ணால் பார்த்ததை எதற்கு வாயாலும் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். இந்த முறை அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வீட்டம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “படம் பூரா நீங்கள்லாம்தானே பேசுனீங்க. கடைசி ரெண்டு நிமிஷம் அவ பேசட்டுமே.”