வரி ஓரத்தில் தொங்கும் கோடு

கைப்பேசியில் தமிழ்க் கட்டுரை படிக்கும்போது வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே 'எதிர்பார்த்-', கீழே 'திருந்தார்கள்'. யாரோ திருந்தமாட்டார்களாம்! எழுதியவர் சொன்னது 'எதிர்பார்த்திருந்தார்கள்'. பாவம், கோடு போட்டது அவர் இல்லை, உலாவி.

எனக்கு அந்தக் கோடு பிடிக்கவே பிடிக்காது. நாளிதழின் ஒல்லியான பத்திகளில் சொற்கள் காலங்காலமாகப் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகின்றன. கோடு கிடையாது. நாமும் தடுமாறாமல் படித்துவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அந்தக் கோடு தேவை, சரி. தமிழில் அது 'இங்கே இரண்டு சொல்லைச் சேர்த்திருக்கிறேன்' என்று பொய் சொல்கிறது.

கணினி சொல்லை எங்கே உடைக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் அச்சுக்கோப்புக்காக உருவாக்கிய 'டெக்' மென்பொருளுக்காக, அவருடைய மாணவர் ஃபிராங்க்ளின் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு ஆய்வேடு எழுதினார். அகராதி முழுவதையும் சுமக்காமல், எந்த எழுத்துக்கூட்டத்துக்கு நடுவே உடைக்கலாம், எங்கே கூடாது என்று சில ஆயிரம் துணுக்குகளை வைத்தே வேலையை முடிக்கும் வழி அது. தமிழுக்கும் அப்படி ஒரு துணுக்குப் பட்டியல் இருக்கிறது, ஆனால் ரொம்பச் சின்னது. ஏறக்குறைய எந்த எழுத்துக்குப் பிறகும் உடைக்கலாம், புள்ளி வைத்த எழுத்தில் மட்டும் அடுத்த வரி தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். மெய் சொல்லுக்கு முதலில் வராது என்று பள்ளியில் படித்தோமே, அதுவே வரிக்கும். நல்ல விதிதான். ஆனால் அதற்கு எழுத்து மட்டும்தான் தெரியும். பகுதி, விகுதி எதுவும் தெரியாது. நம் கையில் விட்டால் 'எதிர்' என்று நிறுத்தி, 'பார்த்திருந்தார்கள்' என்று கீழே தொடங்கியிருப்போம்.

இதைவிட மோசம், இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில் 'வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்' என்ற கட்டளை. சொல்லை எந்த எழுத்திலும் வெட்டலாம் என்று அர்த்தம். நீளமான இணைய முகவரி பெட்டியைத் தாண்டி ஓடுகிறது என்று யாரோ அதைப் பக்கம் முழுக்கப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் கண்ட இடத்தில் வெட்டு விழும், 'ள்' தனியாக ஒரு வரியின் தலையில் போய் நிற்கும். முகவரிக்காக என்றால் 'ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்' என்ற கட்டளையே போதும். வரிக்குள் அடங்காத சொல்லை மட்டும்தான் அது தொடும்.

என்னைக் கேட்டால் முதலில் கழற்ற வேண்டியது, இரண்டு ஓரமும் நேராக நிற்கும் 'ஜஸ்டிஃபை'. நம் சொற்கள் நீளம், கைப்பேசித் திரை குறுகல். வரிக்கு மூன்று சொல் விழுந்தால் நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் வரும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் பலர் தானியங்கி உடைப்பையே தேடிப் போகிறார்கள். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் பாதிப் பிரச்சினை ஓடிவிடும். வலது ஓரம் கொஞ்சம் மேலும் கீழுமாக இருந்தால்தான் என்ன?

பிறகு 'ஹைஃபன்ஸ்: மேனுவல்' என்ற கட்டளையைப் போடுங்கள். உலாவி தானாக உடைக்காது. பெரிய எழுத்துத் தலைப்பில் மட்டும், உடையலாம் என்று நினைக்கும் இடத்தில் 'டபிள்யூபிஆர்' என்ற எச்டிஎம்எல் குறியை நாமே வைக்கலாம். கோடு இல்லாமல் உடையும். அதற்குப் பதிலாக அகலமில்லா இடைவெளியைச் செருகுகிறவர்கள் உண்டு. வேண்டாம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கணினிக்கு அதுவும் ஒரு எழுத்துதான். நகலெடுத்தால் கூடவே வரும், தேடலையும் கெடுக்கும்.

குறுகிய பத்திகள், தானியங்கி உடைப்பு வேண்டியதுதான் என்கிறீர்களா? 'ஹைஃபன்ஸ்: ஆட்டோ'வே இருக்கட்டும், கூடவே எந்தக் கோட்டைப் போடுவது என்று சொல்லும் 'ஹைஃபனேட்-கேரக்டர்' என்பதற்கு, உள்ளே எதுவும் இல்லாத வெற்று மேற்கோள்குறியைக் கொடுங்கள். நாளிதழ் மாதிரியே கோடில்லாமல் உடையும்.

இன்னொரு குறுக்கு வழியும் சுற்றுகிறது: பக்கத்தின் மொழியை ஆங்கிலம் என்று குறித்துவிட்டால் தமிழ்ச் சொல் உடையாது என்று. கோடு போவது உண்மைதான். ஆனால் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், எந்தக் குரலில் படிப்பது என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலிடம் கொடுத்தால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.