பக்கத்து ஊஞ்சலில் ஆடுபவர்

பொது இடங்களில் 'ஊடாடும் விளையாட்டு' என்று வைக்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை எனக்குப் பிடிப்பதில்லை. பெரிய திரை ஒன்று இருக்கும். எதிரே தரையில் பாதத் தடம் வரைந்திருப்பார்கள். ஒருத்தர் போய் நின்று கையை ஆட்டினால் திரையில் பூ விரியும். பின்னால் இருப்பவர்கள் செல்போனை நோண்டிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். அத்தனை பேர் கூடியும் யாரும் யாரோடும் ஆடுவதில்லை.

2009இல் ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் மெட்ரோ நிலையத்தில் படிக்கட்டைப் பியானோ ஆக்கினார்கள். மிதித்தால் சுரம் வரும். நல்ல யோசனைதான், பக்கத்திலேயே எஸ்கலேட்டர் இருந்தும் மக்கள் படியேறினார்கள். ஆனால் கூட ஒருவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தப் படிக்கு எல்லாம் ஒன்றுதான்.

மான்ட்ரியலில் 2011இல் 'டெய்லி தூ லே ஜூர்' என்ற வடிவமைப்புக் குழு வைத்த 21 ஊஞ்சல்கள் வேறு ரகம். ஒவ்வொரு ஊஞ்சலும் ஆட ஆட ஒரு சுரத்தை எழுப்பும். பியானோ, கிட்டார், ஹார்ப், வைப்ரஃபோன் என்று நான்கு வாத்தியங்கள். இதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு பியானோ படிக்கட்டுதான். சில மெட்டுகள் மட்டும் பக்கத்தில் ஆடுபவரோடு ஒத்து ஆடினால்தான் கேட்கும் என்று வைத்தார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. தனியாள் எவ்வளவு எம்பி ஆடினாலும் அவை வராது. ஒத்துழைப்பு எப்படி உருவாகிறது என்று யோசிக்க, விலங்குகளின் நடத்தையை ஆராயும் லுக்-அலன் ஜிரால்டோ என்ற விஞ்ஞானியையும் சேர்த்துக்கொண்டார்களாம். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு மெனக்கெடலா என்று தோன்றலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஊஞ்சலைத் தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி. ஒரு வீச்சுக்கு ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கயிற்றின் நீளம், உட்காருபவரின் எடை அல்ல. ஆகவே கனத்த உடம்புக்காரரும் ஐந்து வயதுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஆட முடியும். திறமைசாலி, சுமாரானவர் என்ற பேச்சே கிடையாது. சேர வேண்டுமானால் ஒருவர் காலைத் தரையில் தேய்த்து அரை நொடி தாமதித்தால் போதும். முன்பின் தெரியாத ஒருவருக்காக, பேர்கூடக் கேட்காமல், அந்த அரை நொடியை விட்டுக்கொடுப்பதுதான் ஆட்டமே. அலுத்துவிட்டால் இறங்கிப் போய்விடலாம், மற்றவர்களின் ஆட்டம் அதனால் நின்றுவிடாது.

போட்டி இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1966இல் ஸ்டூவர்ட் பிராண்ட் என்ற அமெரிக்கர் பூமி உருண்டை வரைந்த ராட்சதப் பந்து ஒன்றை மைதானத்தில் உருட்டிவிட்டு, ஒரு கூட்டம் இந்தப் பக்கமும் மறு கூட்டம் அந்தப் பக்கமும் தள்ளட்டும் என்றார். பந்து ஒரு எல்லையை நெருங்கினால், ஜெயிக்கப்போகும் கட்சியிலிருந்தே சிலர் எதிர்க்கட்சிக்குத் தாவித் தள்ளினார்கள். ஜெயித்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுமே!

அப்புறம் அந்த இளஞ்சிவப்பு சீ-சா பலகைகள், ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறுமே, அவைதான். 2019இல் ரொனால்ட் ரேல், வர்ஜீனியா சான் ஃபிரடெல்லோ என்ற இருவர் அமெரிக்க–மெக்சிகோ எல்லை வேலியின் கம்பி இடைவெளிகளில் மூன்று சீ-சா பலகைகளைச் செருகினார்கள். ஒரு மணி நேரம்கூட அவை அங்கே இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்துக் குழந்தை மேலே போக, அந்தப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டியிருந்தது. சென்சாரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இந்த மாதிரி எதையாவது வைக்கத் திட்டமிடுபவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: கரண்ட் போனால் என்ன மிஞ்சும்? சென்சார் செத்தாலும் ஊஞ்சலில் ஆடலாம். திரை அணைந்தால் அது வெறும் சுவர்தான்.

ஊஞ்சலிலும் ஒரு குறை உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர் சாதாரண ஊஞ்சலில் ஏற முடியாது. நாற்காலியோடு ஏறக்கூடிய மேடை ஊஞ்சல்கள் சில பூங்காக்களில் இருக்கின்றன. அப்படி ஒன்றையும் இதே வரிசையில் மாட்டலாமே. எடை எவ்வளவு கூடினாலும் பரவாயில்லை, கம்பியின் நீளத்தை மட்டும் பார்த்து வைத்தால் அதுவும் மற்றவற்றோடு ஒத்து ஆடும்.