வெங்காரம் 50 கிராம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. சித்திரை வெயில் உச்சியில் நிற்கிறது. கல்லாவில் அண்ணாச்சி. மூக்குக்குக் கீழே துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் வருகிறார். கையில் நான்காக மடித்த சீட்டு.

அண்ணாச்சி: வாங்க ஐயா. பார்த்தாலே தெரிகிறது. சளிதானே?

பெரியவர்: (திடுக்கிட்டு) எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அண்ணாச்சி: 40 வருஷமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வெயிலில் வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவருக்கு வேறென்ன இருக்கும்? ஆடாதொடை, தூதுவளை, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் இருக்கிறது. பொடியாகத் தரவா, சரக்காகவே கட்டவா?

பெரியவர்: அதெல்லாம் வேண்டாம். வெங்காரம் 50 கிராம் கொடுங்கள்.

அண்ணாச்சி: வெங்காரமா? இங்கிலீஷில் போராக்ஸ் என்பார்களே, அதுதானே? ஆசாரிமார் நகை பற்றவைக்க வாங்குவார்கள். வாய்ப்புண்ணுக்குப் பொரித்துத் தடவச் சிலர் கேட்பார்கள், அதையும் வைத்தியர் சொல்லியிருந்தால்தான் கொடுப்பேன். சளிக்கு எதற்கு?

பெரியவர்: சளி செய்ய.

அண்ணாச்சி: செய்யவா!

பெரியவர்: ஆமாம். நல்ல பச்சை நிறத்தில், ஒரு டப்பா நிறைய.

(அண்ணாச்சி எடுத்த தராசைத் திரும்ப வைத்துவிட்டார்.)

அண்ணாச்சி: ஐயா, சளியைப் போக்க மருந்து கேட்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். காசு கொடுத்து உண்டாக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான்.

பெரியவர்: எனக்கில்லை, பேரனுக்கு.

அண்ணாச்சி: பச்சைப் பிள்ளைக்கா? பெற்றவர்களுக்குத் தெரியுமா?

பெரியவர்: ஸ்லைம் அண்ணாச்சி, ஸ்லைம்! விளையாட்டுச் சாமான். இழுத்தால் வரும், விட்டால் வழியும், பிசைந்தால் புசுக்கென்று சத்தம் போடும். வீட்டம்மாள்தான் அதற்குச் சளி என்று பெயர் வைத்தாள். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த பேரன் போன வாரம் ஒரு டப்பா செய்தான். அதை அவள் தூக்கி எறிந்துவிட்டாள்.

அண்ணாச்சி: (கொஞ்சம் மூச்சு வந்து) அப்படிச் சொல்லுங்கள். எந்தப் பிசினில் செய்கிறார்கள்? என்னிடம் பாதாம் பிசின், கருவேலம் பிசின் எல்லாம் இருக்கிறது.

பெரியவர்: பிசின் இல்லை. பிள்ளைகள் நோட்டில் படம் ஒட்டுகிற பசை. ஆனால் முதன்முதலில் பிசின் மாதிரி ஒன்றில்தான் செய்தார்களாம். 1976இல் மாட்டெல் என்கிற அமெரிக்க பொம்மைக் கம்பெனி. கொத்தவரை விதையை அரைத்த மாவு, அதோடு இதே வெங்காரம்.

அண்ணாச்சி: கொத்தவரங்காயா? நம் கொத்தவரங்காயா?

பெரியவர்: அதேதான். ராஜஸ்தானில் காடு காடாக விளைகிறதே, அது. பொரியலாக வைத்தால் பேரன் தட்டை விட்டு எழுந்து ஓடுகிறான். சளியாக வைத்தால் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். அந்தக் கம்பெனிக்காரன் குட்டிக் குப்பைத்தொட்டி மாதிரி ஒரு டப்பாவில் போட்டு விற்றானாம்.

அண்ணாச்சி: கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. சரி, பசையில் வெங்காரத்தைப் போட்டால் ஏன் இழுபடுகிறது?

பெரியவர்: பேரன் ஏதோ இங்கிலீஷில் சொன்னான். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பசை என்பது நீள நீளமான நூல். தண்ணீரில் அதது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு கிடக்கும். வெங்காரம் போய் நூலுக்கும் நூலுக்கும் நடுவே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு இறுக்கமில்லை, அவிழும், மறுபடி விழும். அதனால்தான் வழியவும் செய்கிறது, உருட்டினால் உருளவும் செய்கிறது.

அண்ணாச்சி: சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி என்று சொல்லுங்கள்.

(பெரியவர் முகம் வாடிவிட்டது. துண்டுக்கு மேலே தெரிந்த பாதி முகத்திலேயே அது தெரிந்தது.)

பெரியவர்: அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வீட்டம்மாளின் சுங்குடிச் சேலை. அரக்கு நிறம், கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் சரக்கு. 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பெருமை. அதன் முந்தானையில் போய் உட்கார்ந்தது ஒரு உருண்டை.

அண்ணாச்சி: முடிச்சு மேல் முடிச்சு. அப்புறம்?

பெரியவர்: அவள் வெந்நீரில் முக்கப் போனாள். பேரன் குறுக்கே விழுந்து தடுத்தான். சூடு பட்டால் இளகி இன்னும் உள்ளே இறங்குமாம், இஸ்திரிப் பெட்டி வைத்தால் கதை முடிந்ததாம். முதலில் ஐஸ் கட்டியை வைத்துத் தேய்த்தோம். அது இறுகியதும் கரண்டிக் காம்பால் சுரண்டினோம். மிச்சத்துக்கு வினிகர்.

அண்ணாச்சி: காடியா?

பெரியவர்: அதுதான். பாதி வினிகர், பாதி தண்ணீர். முதலில் உள்மடிப்பில் ஒரு ஓரத்தில் விட்டுப் பார்த்தோம், சாயம் போகிறதா என்று. போகவில்லை. அப்புறம் கறையில் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டு, பழைய பல் துலக்குகிற பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் வழவழவென்று கரைந்து வருகிறது. கடைசியில் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசினோம்.

அண்ணாச்சி: புளிப்பு பட்டதும் முடிச்சு அவிழ்கிறது. வெங்காரம் கார வகை, புளிப்புக்கு ஆகாது. பார்த்தீர்களா, எல்லாம் நம் கடைச் சரக்குதான்.

பெரியவர்: நானும் அப்படித்தான் பூரித்துப்போனேன். தரையிலும் நாலு இடத்தில் அப்பியிருந்தது. இதுதான் கைவசம் இருக்கிறதே என்று மீதி வினிகரையும் மொசைக் தரையில் ஊற்றிவிட்டேன்.

அண்ணாச்சி: அடப்பாவமே! மொசைக்கில் பதித்திருப்பது பளிங்குச் சில்லு ஐயா. சுண்ணாம்பு வகை. சுண்ணாம்பில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் பொங்குமே, பார்த்ததில்லையா?

பெரியவர்: பார்த்தேன், என் வீட்டுத் தரையில். பாலிஷ் போய்த் தேமல் மாதிரி நிற்கிறது. அந்த இடத்தில் கோரைப் பாய் விரித்து, பகல் முழுக்க அதன்மேலேயே படுத்திருக்கிறேன். அம்மாள் பெருக்க வந்தால் எழுந்திருப்பதில்லை. வயசாகிவிட்டது என்று பாவப்படுகிறாள்.

அண்ணாச்சி: தரையில் காயவிட்டுச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்திருந்தாலே போதும். வேறெங்கும் ஒட்டவில்லையே?

பெரியவர்: பேரன் கொஞ்சத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவி விட்டான். குழாயோடு போய்விடும் என்று நினைத்தான். எங்கே போகும்? வளைவில் உட்கார்ந்துகொண்டது. பிளம்பர் வந்து 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, 'என்ன சார் சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் இதெல்லாம் பெரிசில்லை. ஃபிரிட்ஜ் கதைதான் பெரிசு.

அண்ணாச்சி: சளியை ஃபிரிட்ஜிலா வைத்தீர்கள்?

பெரியவர்: வைத்தால்தானே பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது! இந்த வெயிலில் வெளியே திறந்து வைத்தால் தண்ணீர் சுண்டி ரப்பராகிவிடும். இறுக்க மூடின டப்பா வேண்டும். பக்கத்து டப்பாவில் அம்மாள் உங்கள் கடைப் பாதாம் பிசினை ஊறப் போட்டிருந்தாள், ஜிகர்தண்டாவுக்கு.

அண்ணாச்சி: ஐயையோ.

பெரியவர்: மத்தியானம் தூக்கக் கலக்கம். சுண்டின பால் ஊற்றினேன், நன்னாரி சர்பத் ஊற்றினேன், ஒரு கரண்டி பிசினைப் போட்டேன். வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். ஏதோ மின்னியது. என்னவென்று பார்த்தால் ஜிகினா.

அண்ணாச்சி: ஜிகினாதண்டா!

பெரியவர்: சிரிக்காதீர்கள். உள்ளே போயிருந்தால்?

அண்ணாச்சி: சிரிக்கிற விஷயமில்லைதான். வெங்காரம் வயிற்றுக்குள் போகவே கூடாது. டப்பாவில் பெரிசாக எழுதி ஒட்டுங்கள். வாயில் வைக்கிற வயசுப் பிள்ளை இருக்கிற வீடு என்றால் சரக்கே தர மாட்டேன். கரைக்கிற வேலையைப் பெரியவர்கள் செய்ய வேண்டும், பிசைந்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பெரியவர்: பிசைவதற்கு முன்னாலும் கழுவ வேண்டும் அண்ணாச்சி. கை அழுக்கும் தூசியும் ஏறினால்தான் அது சீக்கிரம் நாறும். இறுகிப்போனால் வெதுவெதுப்பான தண்ணீர் நாலு சொட்டு, இல்லாவிட்டால் கைக்குத் தடவுகிற லோஷன் கொஞ்சம். பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் வெங்காரத் தண்ணீர் ஒரே ஒரு சொட்டு. அவசரப்பட்டு ரெண்டு சொட்டு விட்டால் துண்டு துண்டாக அறுந்துவிடும். ராத்திரி படுக்கும்முன் ஒருதரம் மடித்துப் பிசைந்து, காற்றை அமுக்கி வெளியேற்றி...

(சொல்லச் சொல்ல அவர் விரல்கள் தாமாகவே காற்றைப் பிசைந்தன. அண்ணாச்சி அதைக் கவனித்தார். கன்று போட்ட மாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களிடம்தான் இந்தக் கனிவைப் பார்க்கலாம்.)

அண்ணாச்சி: இவ்வளவும் பேரனா செய்கிறான்?

பெரியவர்: அவன் எங்கே செய்வான்? போட்டது போட்டபடி ஓடிவிடுவான். நான்தான்...

அண்ணாச்சி: ஓஹோ. சரி, வந்ததிலிருந்து கேட்க நினைக்கிறேன். சளி பிடிக்கவில்லை என்றால் அந்தத் துண்டு எதற்கு?

(பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் துண்டைக் கொஞ்சம் இறக்கினார். வலது பக்கம் நரைத்த முறுக்கு மீசை கம்பீரமாக நின்றது. இடது பக்கம் வெட்டவெளி.)

அண்ணாச்சி: முருகா!

பெரியவர்: பாயில் படுத்திருந்தேனா, டப்பா நெஞ்சின்மேல் இருந்தது. கண் அசந்துவிட்டேன். முழித்தால் பாதி மீசை பச்சை. அம்மாள் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். 35 வருஷ மீசை அண்ணாச்சி.

அண்ணாச்சி: என்ன ஐயா இது! தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் ஊறவைத்துச் சீப்பால் வாரியிருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்குமே!

பெரியவர்: (நெடுநேரம் கழித்து) தேங்காய் எண்ணெயா?

அண்ணாச்சி: வீட்டில் இல்லையா?

பெரியவர்: தலைமாட்டில்தான் இருந்தது.

(இந்த இடத்தில் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அண்ணாச்சி மரியாதைக்காக வெங்கார டப்பாவைத் தேடுவதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.)

அண்ணாச்சி: 50 கிராமில் மதுரை மாவட்டத்துக்கே சளி பிடிக்க வைக்கலாம். ஒரு டம்ளர் வெந்நீருக்குச் சின்னக் கரண்டியில் ஒரு கரண்டி போதும். 20 கிராம் கட்டுகிறேன். பேரன் எப்போது ஊருக்குப் போகிறான்?

பெரியவர்: நேற்று ராத்திரி ரயிலேற்றிவிட்டேன்.

(பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.)

அண்ணாச்சி: நேற்றே போய்விட்டானா?

பெரியவர்: செய்முறை எல்லாம் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

அண்ணாச்சி: (நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டபடி) வீட்டம்மாள் என்ன பொட்டலம் என்று கேட்டால்?

பெரியவர்: நீங்கள்தானே சொன்னீர்கள், வாய்ப்புண்ணுக்கும் கேட்பார்கள் என்று.

(துண்டைத் திரும்ப மூக்குவரை ஏற்றிச் சுற்றிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.)