முயலுக்குப் பயப்பட விடுங்கள்!

மொக்கைப் பேய்ப்படம் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து "இதுல லாஜிக்கே இல்லையே" என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஒரு ஆள் எதற்கு? கரண்ட் போன பங்களாவில், நடு ராத்திரியில், அந்தப் பெண் ஏன் தனியாக நிலவறைக்கு இறங்குகிறாள் என்று என்னைக் கேட்டால்? அவள் இறங்காவிட்டால் படம் அங்கேயே முடிந்துவிடும். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும், நான் ஏறத் தயார். உங்களை யார் கூப்பிட்டது?

1972-இல் 'நைட் ஆஃப் தி லீபஸ்' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. ஊரையே கடித்துக் குதற வரும் ராட்சத முயல்கள். ஆமாம், முயல்கள்தான். சாதாரண முயல்களைப் பொம்மை வீடுகள் மாதிரியான குட்டி செட்டுகளுக்கு நடுவே ஓடவிட்டு, ஸ்லோமோஷனில் எடுத்திருப்பார்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் குளியலறையில் கத்திக்குத்து வாங்கினாரே ஜேனட் லீ, அவரேதான் இதில் முயலுக்கு நடுங்குகிறார். காரில் உட்கார்ந்து சினிமா பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்களிடம் ஒரு போலீஸ்காரர், கொலைகார முயல் கூட்டம் இந்தப் பக்கம் வருகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார். அந்தக் குரலில் கேலி துளியும் இருக்காது. எனக்கு வேண்டியது அந்தக் குரல்தான்! அந்த நொடியில் யாராவது "முயலா, ஹாஹா" என்று ஆரம்பித்தால் ரிமோட்டைத் தூக்கி எறியலாம் போலிருக்கிறது. எனக்கும் சிரிப்பு வரும் சார். வரும்போது நானே சிரித்துக்கொள்கிறேன்.

'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' இன்னும் ஒரு படி மேலே. டிராகுலாவாக நடித்துப் பேர் வாங்கிய பேலா லுகோசி 1956-இல் இறந்துபோனார். கையிலிருந்ததோ அவர் நடித்த சில காட்சிகள் மட்டும். இயக்குநர் எட் வுட் அசரவில்லை. தன் மனைவிக்கு முதுகு நீவிவிடும் வைத்தியரைக் கூட்டிவந்து, அங்கியால் முகத்தை மறைத்து நடக்கவைத்தார். அந்த வைத்தியர் லுகோசியைவிட உயரம் வேறு. என்ன ஒரு நம்பிக்கை! அந்த நம்பிக்கைக்கு முன்னால் லாஜிக் எல்லாம் தூசு.

இதைவிடக் கடுப்பு, தெரிந்தே மொக்கையாக எடுக்கும் கூட்டம். 2013-இல் 'ஷார்க்நேடோ', சூறாவளி சுறாக்களைத் தூக்கிவந்து ஊருக்குள் கொட்டுகிறது. அப்புறம் அதற்கு இன்னும் ஐந்து பாகங்கள். "பார்த்தாயா, நாங்கள் எவ்வளவு அபத்தம்" என்று படமே கண்ணடித்தால் எனக்கு அங்கே என்ன வேலை? பயப்படுத்த உண்மையாகவே முயன்று, கேவலமாகத் தோற்க வேண்டும். வேண்டுமென்றே தோற்பவனை வேடிக்கை பார்ப்பதில் ஒரு சுகமும் இல்லை.

சரி, பார்க்கிறவர்களாவது சும்மா இருக்கலாமே? அதுவும் கிடையாது. ரேட்டிங்கைப் பார்த்தாயா என்று போனை நீட்டுவார்கள். பார்த்தேன், அதனால்தான் போட்டேன்.

இனிமேல் என்னோடு உட்காருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கிளைமாக்ஸில் அந்தப் பேய் தன் ஃப்ளாஷ்பேக்கைச் சொல்லும்போது நான் அழுவேன். அதையும் ஏன் என்று கேட்கக் கூடாது.